பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வீட்டில் ஒருவர் கைதானால்: முதல் மணி நேரத்திலிருந்து பிணை வரை

பொலிஸ் வாகனம் ஒழுங்கையைத் தாண்டியதும் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்து வையுங்கள். கொப்பியோ கலண்டர் தாளோ, எதுவானாலும் சரி. இந்தச் சட்டத்தில் வரும் 72 மணி நேரம், ஒரு மாதம், 12 மாதம் ஆகிய கெடுக்களுக்கெல்லாம் அந்த நிமிடம்தான் தொடக்கப் புள்ளி. பொலிஸ் புத்தகத்தில் கைது நேரம் வேறாகப் பதிவாகியிருந்தால் அதை மறுக்க உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு வரி மட்டுமே.

இலங்கையில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களை மனதில் வைத்து, 2022 திருத்தத்துக்குப் பிந்திய சட்டநிலையின்படி இது எழுதப்பட்டுள்ளது. இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2018இலும் 2023இலும் வேறு சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டன, அவை நிறைவேறவில்லை. "ரத்துச் செய்யப் போகிறோம்" என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு எவரும் பழைய காகிதங்களைத் தூக்கி எறிய வேண்டாம். சட்டம் மாறினாலும் பழைய வழக்குகள் பழைய சட்டத்தின் கீழேயே தொடரலாம்.

சாதாரணச் சட்டத்தில் இருக்கும் மூன்று பூட்டுகள்

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் இன்றைக்கும் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்கள் மீதும் அது பாய்ந்தது. 2022 மக்கள் போராட்டத்தின் பின் மாணவர் தலைவர்கள் மீதும் பாய்ந்தது. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக அதன் முழுச் சுமையையும் தாங்கியவர்கள் தமிழர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்களும் அந்தச் சுமைக்குள் வந்தார்கள்.

சாதாரணக் குற்றவியல் சட்டம் கைதானவருக்கு மூன்று பூட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டு போக வேண்டும். பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. பிணை கொடுப்பதா இல்லையா என்பதை நீதவான் முடிவு செய்வார். இந்த மூன்றையும் பயங்கரவாதத் தடைச் சட்டம் கழற்றி விடுகிறது. கீழே சொல்லப்படும் வேலைகள் எல்லாம் கழன்ற இந்தப் பூட்டுகளின் இடத்தில் வேறு எதையாவது முட்டுக்கொடுக்கும் வேலைகளே.

எதற்காகப் பிடிக்கிறார்கள்

குண்டும் துப்பாக்கியும் பற்றிய பிரிவுகளால் சாதாரண மனிதருக்கு வரும் சிக்கல் குறைவு. 2(1) பிரிவின் "எச்" உட்பிரிவுதான் வீட்டு முற்றம் வரை வரும். பேச்சாலோ எழுத்தாலோ அடையாளத்தாலோ இன, மத சமூகங்களுக்கிடையே பகைமையையும் மனக்கசப்பையும் தூண்டுவது குற்றம் என்கிறது அது. தண்டனை 5 முதல் 20 ஆண்டுகள். "மனக்கசப்பு" என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதை ஊடகவியலாளர் ஜெ. எஸ். திசைநாயகத்தின் வழக்கு காட்டியது. சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்ட்டில் அவருக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2010இல் மன்னிப்புக் கிடைத்தது.

இன்னொன்று மொழி. மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதானார். தமிழில் எழுதிய அவரது கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் விளங்கிக்கொள்ளக்கூடிய கவிதைகள் நீதிமன்றத்தில் விளங்குவதற்கு மூன்றரை ஆண்டுகள் எடுத்தன. ஹசலகவில் 2019 மே மாதம் ஒரு முஸ்லிம் பெண் கைதானதும் இதே வகைதான். அவரது உடுப்பில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே பயன்பட்டது ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், அதாவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. சர்வதேச மனித உரிமை உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டத்திலும் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில். 2024 மே மாதம் சம்பூரில் போரின் இறுதி நாள்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களைப் பிடித்தபோதும் இந்தச் சட்டம்தான் வந்தது. எனவே ஒருவர் கைதானதும் முதலில் கேட்க வேண்டியது, "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" பதிலுக்கேற்ப வழி மாறும்.

அன்றாட வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை சில. நினைவேந்தலில் இறந்தவரின் படத்துக்கு விளக்கேற்றுவது வேறு, தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம், கொடி, சீருடைப் படம் வேறு. பொலிஸ் கோடு கிழிக்கும் இடம் அது. பேஸ்புக்கில் பழைய படம் ஒன்றைப் பகிர்ந்ததற்காகவும் கைதுகள் நடந்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இன்னொரு பொறி. 2012ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஒழுங்குவிதிகளின் கீழ் அமைப்புகளையும் ஆட்களையும் பட்டியலிட்டு வர்த்தமானியில் வெளியிடுகிறார்கள். 2021இல் சேர்த்த பலரை 2022இல் நீக்கினார்கள். அதனால் ஊர்ச் சங்கத்துக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ பணம் வாங்குவதற்கு முன், அனுப்புபவரின் பெயரைக் கடைசியாக வந்த வர்த்தமானியில் பாருங்கள். வங்கி மூலம் வாங்குங்கள். எதற்கு வந்தது, எதற்குச் செலவானது என்று பற்றுச்சீட்டோடு எழுதி வையுங்கள். உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் கைமாற்றாக, வந்த காசுக்குப் பிறகு கணக்குக் காட்ட முடியாது.

5ஆம் பிரிவையும் குடும்பம் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழான குற்றம் பற்றித் தெரிந்தும் பொலிஸுக்குச் சொல்லாமல் இருந்தால் 7 ஆண்டு வரை சிறை. விசாரணையில் "உனக்கு முன்னமே தெரியும்தானே?" என்ற கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது இதிலிருந்து விளங்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல, ஊகத்தைச் செய்திபோலச் சொல்லாதீர்கள்.

"விசாரணைக்கு வாங்கோ" என்று போன் வந்தால்

வடக்கு கிழக்கில் பெரும்பாலும் கதை தொலைபேசியில்தான் தொடங்கும். கொழும்புக்கு வா, நாலாம் மாடிக்கு (கொழும்பிலுள்ள குற்றப் புலனாய்வுத் திணைக்களம்) வா, வவுனியா அலுவலகத்துக்கு வா என்பார்கள். மறுக்காதீர்கள். உடனே ஓடிப் போகவும் வேண்டாம். எழுத்தில் அழைப்புத் தரும்படி, முடிந்தால் தமிழில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அழைத்தவரின் பெயர், பதவி, பிரிவு, அழைத்த இலக்கம், நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் மொழிபெயர்ப்பித்து, மூலப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். போகும் நாளில் சட்டத்தரணி கூட வருவது நல்லது. அவரை உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நிற்கட்டும். எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று சொல்ல ஒரு சாட்சி கிடைக்கும். போவதற்கு முதல் நாளே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் அறிவித்து, திகதி முத்திரையிட்ட பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைப்பு எப்போதும் பொலிஸ் பெயரில் வரும் என்றும் இல்லை. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வுக்கு 2020 ஏப்ரலில் வந்தது சுகாதார அமைச்சிலிருந்து என்று சொன்ன அழைப்பு, கொரோனாத் தொற்றாளரோடு பழகியிருக்கலாம், வீட்டிலேயே இருங்கள் என்று. பிறகு வந்தவர்கள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர். 2022 பெப்ரவரியில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது.

வீட்டுக்கு வந்தால்

6ஆம் பிரிவின்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யவும் வீட்டைச் சோதனையிடவும் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேலானவர்களுக்கும் அதிகாரம் உண்டு. அதற்குக் கீழே உப பொலிஸ் பரிசோதகர் வரை உள்ளவர்கள் வரலாம், ஆனால் அத்தியட்சகரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். காட்டாவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். "கேட்டேன், காட்டவில்லை" என்று குறித்தாலே போதும், அது பிறகு மனுவில் ஒரு பந்தியாக வரும்.

எழுத வேண்டியவை: வாகன இலக்கம், சீருடையா சிவிலா, வந்தவர்களின் பெயர், பதவி, என்ன மொழியில் பேசினார்கள், கைதுக்கு என்ன காரணம் சொன்னார்கள், எங்கே கொண்டு போவதாகச் சொன்னார்கள். காரணம் சொல்ல வேண்டியது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரைப்படி கடமை. கைதுப் பத்திரத்தைக் குடும்பத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது போர்க்காலத்திலேயே ஜனாதிபதிப் பணிப்புரையாக வந்துவிட்டது. 2016இல் மனித உரிமைகள் ஆணைக்குழு வெளியிட்ட பணிப்புரைகளும் அதையே சொல்கின்றன. பெண்ணைச் சோதனையிடுவதற்குப் பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள்.

அதிகமாகத் தவறவிடப்படுவது பொருள்களின் பட்டியல். "தொலைபேசி 1, புத்தகங்கள் சில" என்று எழுதி வாங்கினால் பிறகு எந்தத் தொலைபேசி, எந்தப் புத்தகம் என்று நிரூபிக்க முடியாது. இன்றைக்கே, எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளிலேயே, வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசியிலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைக் கொப்பியில் எழுதி வையுங்கள். மடிக்கணினியின் அடியில் இருக்கும் தொடர் இலக்கத்தையும் எழுதுங்கள். எடுத்துப் போகும்போது அந்த இலக்கங்கள், சிம் அட்டைகள், மெமரி கார்டு, ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்பு எல்லாம் பட்டியலில் வர வேண்டும் என்று கேளுங்கள். 2019இல் வீடு வீடாகத் தேடியபோது அரபு எழுத்து இருந்த காரணத்துக்காகவே சமயப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புத்தகத்தின் தலைப்பும் பதிப்பகமும் பட்டியலில் இருந்தால் இன்னொரு பிரதியைக் கடையில் வாங்கி நீதிமன்றத்தில் வைக்கலாம்.

பொலிஸ் நிற்கும்போது தொலைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். அழித்த சுவடு கிடைத்தால், அழிக்கப்பட்டது கலியாண வீட்டுப் படமாக இருந்தாலும், சான்றை மறைத்ததாகத்தான் சொல்வார்கள்.

முதல் 72 மணி நேரம்

7ஆம் பிரிவு பொலிஸுக்கு 72 மணி நேரம் தருகிறது. அதற்குள் நீதவான் முன் கொண்டு போக வேண்டும், அல்லது பாதுகாப்பு அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு வந்திருக்க வேண்டும். குடும்பம் ஓட வேண்டிய மூன்று நாள் இது.

முதலில் பிரதேசப் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். "எங்களிடம் இல்லை" என்பார்கள், உண்மையாகவும் இருக்கலாம், பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு தனியாக வந்து போயிருக்கும். அப்படியென்றாலும் "ஆளைக் கூட்டிச் சென்றார்கள், எங்கே என்று தெரியவில்லை" என்று முறைப்பாடு பதிவு செய்து, பதிவு இலக்கத்தை வாங்கி வாருங்கள். ஏற்க மறுத்தால் அதே விஷயத்தைக் கடிதமாக எழுதி பொறுப்பதிகாரிக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டு முக்கியம்.

அடுத்தது, அதே நாளில், மனித உரிமைகள் ஆணைக்குழு. 24 மணி நேர இலக்கம் 1996. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தில் கைது செய்தவர் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தே ஆக வேண்டும். தடுத்து வைத்த இடத்தையும் இடமாற்றத்தையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே அறிவிக்காமல் விடுவது குற்றம். எனவே அங்கே இப்படிக் கேளுங்கள்: "இவருடைய கைது உங்களுக்கு அறிவிக்கப்பட்டதா? எத்தனை மணிக்கு? எந்த இடம் என்று சொன்னார்கள்?" பதிலை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்துவதுதான் பெரும்பாலான குடும்பங்கள் விடும் பிழை. அழைப்புக்குப் பின் கடிதமும் போக வேண்டும், முறைப்பாட்டு இலக்கமும் வர வேண்டும்.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் தடுப்பிலுள்ளோரைச் சந்திப்பதுண்டு. சட்டத்தரணிக்குப் பணமில்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகங்களுக்கு அருகில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். விதானையாரிடம் வதிவிடக் கடிதமும், பாடசாலை அல்லது வேலைத்தலத்திலிருந்து வரவுச் சான்றும் இந்த நாள்களிலேயே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பயத்தில் கொடுக்க மாட்டார்கள். ஊர் அப்படித்தான்.

தடுப்புக்காவல் உத்தரவு வந்துவிட்டால்

9ஆம் பிரிவின் கீழ் ஒரு தடவைக்கு 3 மாதம். நீட்டிக்கொண்டே போகலாம். முன்பு மொத்தம் 18 மாதமாக இருந்தது, 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 12 மாதமாகக் குறைத்தது. இதன்போது நீதவானுக்கு விடுவிக்கும் அதிகாரம் இல்லை.

திருத்தத்தால் கிடைத்தவற்றைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். உத்தரவின் பிரதி 48 மணி நேரத்துக்குள் நீதவானுக்குப் போக வேண்டும். நீதவான் மாதம் ஒரு தடவையேனும் தடுப்பிடத்துக்குப் போய் ஆளை நேரில் பார்க்க வேண்டும். சித்திரவதை நடந்ததாகத் தெரிந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். சட்டத்தரணி சந்திக்கலாம், குடும்பத்தோடு தொடர்புகொள்ளலாம். உத்தரவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்ற பழைய 10ஆம் பிரிவும் போய்விட்டது. இவையெல்லாம் சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் கேட்காதவருக்கு இவற்றில் எதுவும் தானாக வந்து சேராது.

சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் கேட்கும் விண்ணப்பம்) போட்டு, உத்தரவின் பிரதி வந்ததா, நீதவான் கடைசியாக எப்போது சென்று பார்த்தார், குறிப்பில் என்ன எழுதினார் என்று கேளுங்கள். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் "பி அறிக்கை"யின் இலக்கத்தை வாங்கி, அதன் உறுதிப்படுத்திய பிரதிக்குப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். வழக்கு எங்கே தொங்குகிறது என்பதை அறிய அந்த இலக்கம்தான் சாவி. அது இல்லாமல் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு எத்தனை கடிதம் போட்டாலும் கோப்பைத் தேடி எடுக்க மாட்டார்கள்.

சந்திப்புக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் திகதி, எத்தனை நிமிடம், பக்கத்தில் யார் நின்றார், தமிழில் பேச விட்டார்களா, கண், கை, நடை எப்படி இருந்தன என்று எழுதி வையுங்கள். சந்திக்க விடாமல் திருப்பி அனுப்பிய நாள்களையும் எழுதுங்கள். அவைதான் கூடப் பெறுமதியானவை.

குற்ற ஒப்புதல்

இந்தச் சட்டத்தின் நெஞ்சு 16ஆம் பிரிவு. 2022 திருத்தம் அதைத் தொடவேயில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேலானவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் சான்றாகும். அது அடித்தோ பயமுறுத்தியோ வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. பூட்டிய அறைக்குள் நடந்ததை, உள்ளே பூட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும்.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்கு உதாரணம். 1993இல் கைதானவர். வழக்கில் அரசுத் தரப்பிடம் இருந்தது ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே. அவர் தமிழில் சொன்னதாகச் சொல்லப்பட்டதை அதிகாரிகள் சிங்களத்தில் பதிவு செய்து, அவருடைய அடையாளத்தை வாங்கியிருந்தார்கள். 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்தது நீதியான விசாரணைக்கு முரண் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதைச் செயற்படுத்த மறுத்தது.

இதனால் உள்ளே இருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி இது. கேள்விக்குப் பதிலாகக் கொடுக்கும் வாக்குமூலம் வேறு, உயரதிகாரி முன் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வேறு. "ஐயாவிடம் ஒருக்கால் சொல்லிப்போட்டுப் போகலாம்" என்று வேறு அறைக்கு மாற்றினால் அது பெரும்பாலும் இரண்டாவது. தமிழில் எழுதும்படி கேட்கும் உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ளதில் கையொப்பம் இடாமல் இருக்கப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் வைத்தால், கையொப்பத்தைத் தமிழில் வைத்து திகதியையும் நேரத்தையும் தன் கையாலேயே எழுதட்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

வைத்துவிட்டால் மனதில் பதிய வேண்டியவை சில: எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, அறையில் யார் யார், தட்டச்சுச் செய்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார், அவரது தமிழ் எப்படி, அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கவில்லை, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. வழக்கில் ஒப்புதல் தானாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணை வரும்போது இந்தச் சிறு விவரங்களே தூக்கி நிறுத்தும். "அடித்தார்கள்" என்று பொதுவாகச் சொல்வதை அரசுத் தரப்பு ஒரு கேள்வியில் உடைத்துவிடும்: "அப்படியானால் முதலில் பார்த்த நீதவானிடம் ஏன் சொல்லவில்லை?" எனவே முதல் வாய்ப்பிலேயே சொல்ல வேண்டும். பார்க்க வந்த நீதவான், வைத்தியர், ஆணைக்குழு அதிகாரி, சட்டத்தரணி, இவர்களில் யார் முதலில் வந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும். பொலிஸ் பக்கத்தில் நின்றால் "தனியாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வசனம் போதும்.

உடம்பில் உள்ள அடையாளம்

கண்டல் காயம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும், 3 மாத உத்தரவோ அதைத் தாண்டியும் நீளும். இந்தக் கணக்கை மறக்காதீர்கள். காயம் இருப்பதாகச் சந்தேகம் வந்த அன்றே, சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டு செல்ல உத்தரவிடும்படி நீதவானிடம் விண்ணப்பிக்க வேண்டும். வைத்தியரிடம் சொல்லும்போது இடம், ஆயுதம், எண்ணிக்கை மூன்றையும் சொல்லட்டும்: "வலது பாதத்தின் அடியில், பொல்லால், பல தடவை." கண்ணுக்குத் தெரியாத நோவையும் சொல்லட்டும். காது கேட்கவில்லை, சிறுநீர் கடுக்கிறது, விரல் விறைக்கிறது என்பதையெல்லாம் சொன்னால்தான் எழுதுவார்கள். ஒப்புதல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் வைத்தியப் பரிசோதனை நடந்திருந்தால் இரண்டு அறிக்கையையும் சட்டத்தரணி கேட்டு வாங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் வழக்கு இருக்கும். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனிக் குற்றம்.

ஒரு மாதக் கெடு

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு, 126ஆம் உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். நல்ல வழக்குகள் பல இந்த ஒரு மாதத்தில்தான் செத்துப் போகின்றன. "முதலில் ஆள் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடுவார்கள். ஆள் வரும்போது கெடு முடிந்திருக்கும். உள்ளே இருப்பவரின் கையொப்பம் கிடைக்காவிட்டாலும் அவர் சார்பில் சட்டத்தரணி மனுச் செய்ய அரசியலமைப்பே இடம் தருகிறது.

ஒரு தப்பும் வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது என்கிறது ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவு. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஆதாரம் கொண்டு வா என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும், உறையின் தபால் முத்திரையோடு சேர்த்து வையுங்கள்.

ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தும்படி கேட்கும் மனு. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் போடலாம், மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். எனவே கொழும்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் பொலிஸ் தடுப்புக்காவல் உத்தரவைக் கொண்டு வந்து காட்டினால் இந்த மனுவின் வேகம் குறைந்துவிடும். உத்தரவே பிழை என்று காட்ட அடிப்படை உரிமை மனுவோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுவோ (அதிகாரியின் உத்தரவை நீக்கும்படி கேட்பது) வேண்டும். அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 126(5) உறுப்புரை சொல்கிறது, நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் ஓடும். இடைக்கால உத்தரவைக் கேட்க மறக்காதீர்கள்.

பிணை

தடுப்புக்காவல் உத்தரவு முடிந்ததும் பெரும்பாலும் விடுவிப்பதில்லை, நீதவான் மூலம் விளக்கமறியலுக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து வெளியே வர 2022 திருத்தம் சேர்த்த 15பி பிரிவில் மூன்று கதவுகள் உள்ளன. கைதாகி 12 மாதம் கடந்தும் வழக்கு விசாரணை தொடங்கவில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுக்கலாம். விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மேல் நீதிமன்றம் கொடுக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி 12 மாதம் ஆகியும் விசாரணை தொடங்காவிட்டாலும் மேல் நீதிமன்றத்திடம் கேட்கலாம். மூன்றிலும் "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறது. கைதான திகதிக்கு 11 மாதம் ஆகும்போதே விண்ணப்பத்தைத் தயாரிக்கத் தொடங்குங்கள். பி அறிக்கைப் பிரதிகள், நோய்ச் சான்றுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பிணையாளிகளின் வதிவிடச் சான்று எல்லாம் சேர்க்கவே ஒரு மாதம் போய்விடும்.

குற்றப்பத்திரிகை வந்தபின் இன்னொரு பேச்சும் வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை, அல்லது புனர்வாழ்வுக்குப் போய் ஓராண்டில் வீடு. பல ஆண்டு சிறையில் இருந்தவருக்கு அது விடுதலை மாதிரித்தான் தெரியும், அப்படி முடிவெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையொப்பமிடுவதற்கு முன் மூன்று விஷயத்தைச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். வேறு நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு நிற்கிறதா? ஒரே ஆள்மீது இரண்டு மூன்று குற்றப்பத்திரிகைகள் இருப்பதுண்டு. இந்த ஒப்புதலை அந்த வழக்கில் பயன்படுத்துவார்களா? குற்றவாளி என்ற பதிவு வந்தால் வேலை, கடவுச்சீட்டு, வெளிநாட்டு விசா என்னவாகும்?

வெளியே வந்த பிறகு

விடுதலைப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதிகள் குறைந்தது ஐந்து எடுத்து வையுங்கள். சோதனைச் சாவடி, விமான நிலையம், வங்கி, வேலைத்தலம் என்று ஒவ்வோரிடத்திலும் கேட்பார்கள். பிணை நிபந்தனையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கையொப்பமிட வேண்டும் என்றிருந்தால், ஒவ்வொரு தடவையும் பொலிஸ் புத்தகத்தின் பக்க இலக்கத்தை உங்கள் கொப்பியிலும் குறியுங்கள். வரவில்லை என்று சொல்லிப் பிணையை நீக்கக் கேட்டால் அதுதான் பதில். 11ஆம் பிரிவின் கீழ் நடமாட்டக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தால் அதுவும் ஒரு தடவைக்கு 3 மாதம்தான், மொத்தம் 12 மாதத்தைத் தாண்ட முடியாது. முடியும் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், முடிந்தது என்று எவரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

எடுத்துப்போன தொலைபேசியையும் புத்தகங்களையும் திருப்பிக் கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் போடுங்கள். முதல் நாள் வாங்கிய பட்டியல் அப்போது வேண்டும். திரும்பக் கிடைத்த தொலைபேசியில் மறுபடி *#06# அழுத்தி, கொப்பியில் இருக்கும் இலக்கத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வையுங்கள்.